துடைக்கக் கூடாத கண்ணாடி

அக்டோபர் 4, ஞாயிறு

பழைய சாமான் கடைக்காரன் இன்று என்னிடம் ஒரு டெலஸ்கோப்பை விற்றான். நான்கடி நீளக் குழாய், வாளி வாய் அகலம். எந்தப் பக்கம் கண் வைப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அடிப்பக்கத்தைக் காட்டி, "இதுல பாருங்க, கப்பலெல்லாம் தெரியும்" என்றான். கண் வைக்கிற துளை மேலே, பக்கவாட்டில் இருக்கிறது. அடியில் பார்த்தால் தகரம்தான் தெரியும். நான் திருத்தவில்லை. முட்டாளிடம் வாங்குவதில் ஒரு சௌகரியம், அவன் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

உள்ளே ஒரு குளவிக் கூடு, ஒட்டடை. அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் குழிந்த கண்ணாடி, அதன்மேல் தூசி. வானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். கண்ணாடி விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது எங்க நிக்கும்?" உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது எங்கே நிற்கும் என்பதுதான் அவள் கவலை.

அக்டோபர் 6, செவ்வாய்

சம்பந்தி போன் செய்தார். மகள் உளறியிருக்கிறாள். "மூக்குக் கண்ணாடி விக்கிறவருக்கு நட்சத்திரம் எதுக்கு சம்பந்தி? நட்சத்திரத்துக்கும் பவர் பாக்கப் போறீங்களா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பவரை ஆறு வருஷமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். பிரேக் எது, கிளட்ச் எது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. பேச்சு மட்டும் கப்பல் கேப்டன் மாதிரி.

கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நவம்பர் 29, பேத்தி பிறந்தநாளுக்கு வரும்போது சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காட்டாவிட்டால் அடுத்த ஆறு வருஷத்துக்கு இதையே சொல்லிச் சிரிப்பார்.

அக்டோபர் 11, ஞாயிறு

வானம் பார்க்கும் சங்கத்துக்குப் போனேன். மொத்தம் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் டீக்காக வந்தவர்கள். தலைவி ஒரு கணக்கு டீச்சர். நான் வாங்கியதைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், என்ன வேணா பண்ணுங்க, அடியில இருக்கிற கண்ணாடிய மட்டும் துடைச்சுடாதீங்க."

என்னிடம்! ஒரு நாளைக்கு ஐம்பது கண்ணாடி துடைக்கிறவனிடம்! கரும்பலகை துடைக்கிறவர் சொல்கிறார்.

அக்டோபர் 12, திங்கள்

துடைத்தேன். கடை ஸ்ப்ரே, கடைத் துணி. அரை மணி நேரம். வேலை என்றால் இது வேலை.

அக்டோபர் 13, செவ்வாய்

பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

கீறல். ஒன்றிரண்டு இல்லை. வட்டம் வட்டமாக, சுற்றிச் சுற்றி. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சே உரிந்து போயிருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் நாம் தொடுவது கண்ணாடியை. முகம் பார்க்கிற கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் பத்திரமாக இருக்கும். இதில் பூச்சு முன்பக்கம், திறந்த மேனியாக, மூச்சுப் பட்டாலே நோகும் அளவுக்கு மெலிசாக இருக்கிறது. அதன்மேல் தூசியையும் வைத்து நான் அரை மணி நேரம் அரைத்திருக்கிறேன்.

தெரியாதா உனக்கு? இருபத்தாறு வருஷம் என்னத்தடா கிழிச்ச? ஒருத்தங்க வாயத் தொறந்து சொன்னாங்கல்ல, துடைக்காதேன்னு?

அக்டோபர் 18, ஞாயிறு

குழாயைச் சங்கத்துக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரன் கீறலோடு ஏமாற்றி விற்றுவிட்டான் என்றேன். டீச்சர் உள்ளே டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்படியா" என்றார்.

"இதுலயும் தெரியும் சார். வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கண்ணாடி கோணலா உக்காந்திருக்கு. அடியில மூணு திருகு இருக்கு பாருங்க, அத வெச்சு நேராக்குங்க."

நவம்பர் 1, ஞாயிறு

மூன்று திருகு. ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டும் பகையாளியாகின்றன. பதினொரு மாலை போய்விட்டது. மனைவி டார்ச் பிடிக்கிறாள். கை நடுங்காமல் பிடிக்கிறாள் என்பதை எழுதி வைக்கிறேன், சொல்ல மாட்டேன்.

"கடைக்காரரு கீறிக் குடுத்தாருன்னு சொன்னீங்களே. வந்த அன்னிக்கு நான் பாத்தேன், தூசிதான் இருந்துச்சு" என்றாள். டார்ச்சைச் சரியாகப் பிடி என்றேன்.

நவம்பர் 8, ஞாயிறு

சனி. ஏழேகால் மணிக்கு. வளையத்தோடு.

சின்னதாக, பொம்மை மாதிரி. பூமி சுற்றுகிற வேகத்தில் ஒரு நிமிஷத்தில் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது, குழாயைத் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிஷம் யாரையும் கேவலமாக நினைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் சம்பந்தி ஞாபகம் வந்து இன்னும் சந்தோஷமாக இருந்தேன்.

நவம்பர் 29, ஞாயிறு

கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட். சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி. மகளையும் பேத்தியையும் சம்பந்திதான் காரில் அழைத்து வந்தார். வந்த வேகத்தில் கேட் ஓரம் இருந்த பூந்தொட்டியை இடித்தார். "தொட்டிய எவன் இங்க வெச்சான்?" என்றார். நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. முப்பது வருஷமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் லட்சணம் இது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கேக் வெட்டி முடித்து ஏழு மணிக்கு மாடிக்குப் போனோம். மகள் பார்த்தாள். "அப்பா... நிஜமாவே வளையம்பா" என்றாள். பேத்தி ஸ்டூலில் ஏறிப் பார்த்து, "பந்துக்குத் தொப்பி போட்டிருக்கு" என்றாள்.

சம்பந்தி குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன சம்பந்தி, ஒரே கலங்கலா இருக்கு. கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு நல்ல கண்ணாடி போடக் கூடாதா?"

என் கீறலைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் விடவில்லை. "வளையம்தானே? எனக்குத் தெரு விளக்கைச் சுத்தியே வளையம் தெரியுது. எதிர்ல வர்ற வண்டி லைட்டைச் சுத்தி இன்னும் பெருசா தெரியுது. அதுக்குப் போய் இவ்வளவு பெரிய குழாயா?"

அவர் மட்டும்தான் சிரித்தார்.

விளக்கைச் சுற்றி வளையம். இருபத்தாறு வருஷமாகக் கவுண்ட்டருக்கு வந்து இதைச் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கண்ணாடியை மாற்றித் தருவதில்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும், நன்றாக முற்றி. அந்தக் கண்ணோடு என் மகளையும் பேத்தியையும் வைத்துக்கொண்டு இருட்டில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போகப் போகிறார்.

வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. டெலஸ்கோப் கலங்கல் இல்லை சம்பந்தி, உங்க கண்தான் கலங்கல். ஆறு வருஷக் கணக்கும் ஒரே வரியில் தீர்ந்திருக்கும். ஆனால் தன் மருமகள் முன்னால், பேத்தி முன்னால் சொன்னால் ஒப்புக்கொள்வாரா? நான் ஒப்புக்கொண்டேனா? மறுத்துவிட்டு, வீம்புக்காகவே இன்னும் வேகமாக ஓட்டிப் போவார். மகளை ஓட்டச் சொல்லலாம் என்றால் அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் பள்ளிக்காரர் மருமகள்!

அவர்கள் கீழே இறங்கிக் கை கழுவப் போனபோது மேஜை மேல் இருந்த கார் சாவியை எடுத்தேன். மறுபடி மாடிக்கு ஓடினேன். குழாயின் வாய்க்குள் போட்டேன். ணங் என்று நேராகக் கண்ணாடி மேலேயே விழுந்தது. விழட்டும்.

இரண்டு மணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். நானும் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினேன். நான் மாடி ஏறியதை மனைவி ஒருத்திதான் பார்த்தாள். "ராத்திரி இங்கயே தங்கிடுங்களேன், காலையில தேடிக்கலாம்" என்று சம்பந்தியிடம் சொன்னது அவள்தான். முப்பது வருஷத்தில் இவளுக்கு மூளை இருப்பதை இத்தனை தாமதமாகக் கண்டுபிடித்த நானும் ஒரு ஆள்.

நவம்பர் 30, திங்கள்

காலையில் சம்பந்தியைத் தனியாக மாடிக்கு அழைத்துப் போனேன். குழாயின் அடிப்பாகத்தைக் கழற்றி வெயிலில் வைத்தேன்.

"இந்தக் கண்ணாடிய நான்தான் கெடுத்தேன் சம்பந்தி. துடைக்காதேன்னு சொல்லியும் துடைச்சேன். பழிய கடைக்காரன் மேல போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது. பாருங்க கீறல."

குனிந்தார். ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார். "எங்க? பளிச்சுன்னுதானே இருக்கு" என்றார்.

அவர் விரலைப் பிடித்துக் கீறலின் மேல் வைத்தேன். நிமிராமலே, "நிறைய இருக்கா?" என்று கேட்டார்.

"நிறைய இருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும். எதிர்ல வண்டி வந்தா ஓரமா நிறுத்திடுவேன். பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா எவன் கத்துக்க வருவான் சம்பந்தி?"

"புரைதான். எடுத்துட்டா சரியாயிடும். அரை மணி நேர வேலை. நான் கூட வரேன்."

"வலிக்குமா?" என்றார். ஆறு வருஷமாக என்னைக் கேலி செய்த அதே வாய். பாவமாக இருந்தது. எனக்கு அது பழக்கமில்லை.

கண்ணாடியைத் தடவியவர் கையில், ஓர இடுக்கில் கிடந்த சாவி பட்டது. எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். யார் போட்டது என்று கேட்கவில்லை. என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "பஸ்ல போயிடறோம்" என்றார்.

டிசம்பர் 6, ஞாயிறு

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும் சார். கோடெல்லாம் வட்டவட்டமா இருந்துச்சு. மூக்குக் கண்ணாடி துடைக்கிறவங்கதான் அப்படித் துடைப்பாங்க" என்றார். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 15, செவ்வாய்

சம்பந்திக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே சொல்லக் கூடாதாம். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

ஜனவரி 17, ஞாயிறு

இடது கண்ணும் முடிந்து, டாக்டர் அனுமதி கொடுத்து, சம்பந்தி தானே காரை ஓட்டி வந்தார். பூந்தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார். டீகூட வேண்டாம் என்றார். "அந்தக் குழாயைக் கழட்டுங்க."

கழற்றினேன். பார்த்தார்.

"அடேயப்பா! என்ன சம்பந்தி இது, அடிப்பிடிச்ச பாத்திரத்தத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு வெச்சிருக்கீங்க? இருபத்தாறு வருஷமா ஊர்க் கண்ணாடியெல்லாம் இப்படித்தான் துடைச்சீங்களா?" மாடிப்படியிலிருந்து இவளைக் கூப்பிட்டுக் காட்டினார். மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கீறலாக விரல் வைத்து எண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஓரத்தில் ஒரு கீறலிடம் வந்ததும் விரல் நின்றது. "மத்ததெல்லாம் வட்டமா இருக்கு, இது மட்டும் குத்துன மாதிரி இருக்கே. இது எதுல துடைச்சது?"

"அது துடைச்சதில்ல. உங்க கார் சாவி" என்றேன்.

அவர் விரலை எடுத்துக்கொண்டு, "சரி, டீ போடச் சொல்லுங்க" என்றார்.