நடக்காத ஆறு வகுப்புகள்

ஜூன் 14

மச்சானுக்கு,

நலம். உன் தங்கச்சியும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், மூன்றாவது நிமிடத்தில் அவள் போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால் இனி எழுதிவிடுவது என்று முடிவு. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். ஏன் என்று நீயும் கேட்காதே, எல்லாரும் கேட்டாயிற்று. நான்கு வருஷம் கியர் பெட்டிக்குப் படம் வரைந்தேன். ஒரு பெட்டியும் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை. இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். கூடவே பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்றதும் அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. நானும் நீயும் பல்கலைக்கழக அணிக்கு ஆடியதை என் விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். அதற்குள் அணி ஏதாவது செய்து காட்டினால் இரண்டும் நிரந்தரம்.

முதல்வர், "பந்து பாடத்துல வந்து விழக் கூடாது தம்பி" என்றார். விழுந்தால் எடுத்துத் திருப்பிப் போடுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆடுகளம் சிமெண்ட். அளந்து பார்த்தேன். ஒரு பக்கத்து ரிங் மூன்று சென்டிமீட்டர் தாழ்வு. பத்து வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வெல்டரைக் கூட்டிவந்து ஒரே மதியத்தில் சரிசெய்தேன். அதற்கு ஒரு அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அதற்குக் காத்திருந்தால் எனக்கும் ஓய்வு வயது வந்துவிடும்.

"எங்க அண்ணனைத் தோக்கடிக்கத்தானே இவ்வளவும்?" என்கிறாள் உன் தங்கச்சி. ஆமாம் என்றேன்.

உன் மாப்பிள்ளை


ஜூன் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. குறுக்கே பேச முடியாமல் படித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

நீ ஒரே மாதத்தில் பிடித்த இடத்துக்கு வர எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கணக்குப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் பந்துக்குக் காற்றடித்தேன். அடுத்த மூன்று வருஷம் துணைப் பயிற்சியாளர், அதாவது தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன். பயிற்சியாளராகி இது எட்டாவது வருஷம். இன்னும் பந்துக்குக் காற்று நான்தான் அடிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. வகுப்பில் வாத்தியாரும் மைதானத்தில் பயிற்சியாளரும் ஒரே ஆளாக இருப்பது வசதி. அந்த வசதிதான் தொல்லை. ஒருத்தன் செய்வதை இன்னொருத்தன் கேட்க மாட்டான்.

நாம் சேர்ந்து ஆடியபோதே நீ யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டாய். உன் பெண்களுக்காவது அதைக் கற்றுக்கொடு. வேலை மாறியதை மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாய். தங்கச்சியும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் தனியாக இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம்.

மச்சான்


செப்டம்பர் 9

மச்சானுக்கு,

அணி ஓடுகிறது. பதினொரு பேர். அவர்களில் ஒருத்திக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறடி. என் வகுப்பிலேயே படிக்கிறாள். இடது கை, வலது கை வித்தியாசம் கிடையாது. இவளை வைத்துத்தான் உன்னைத் தோற்கடிக்கப் போகிறேன்.

ஒரே பிரச்சினை வருகை. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வும் எழுத முடியாது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலும் ஆட முடியாது. என் வகுப்பு காலையில் முதல் மணி. கொக்கு பல நாள் வருவதில்லை. கேட்டேன்.

"காலையில ரத்தப் பரிசோதனை நிலையத்துல டோக்கன் குடுக்கற வேலை சார். ஊசிக்குப் பயந்து ஆளுங்க லேட்டா வந்தா நானும் லேட்டு."

போட்டிக்கு வெளியூர் போகும் நாளில் அவளுக்கு ஓ.டி. சீட்டு வாங்கினால் அது வருகையாகச் சேரும். அந்தச் சீட்டுக்கு மூன்று கையெழுத்து. என் வகுப்பை வேறு ஒருவர் எடுக்க ஏற்பாடு செய்ய நான்காவது கையெழுத்து. போன முறை பதினோரு நாள் ஆயிற்று. இதெல்லாம் ஒரு வேலையா? அதனால் சுருக்கமான வழி பிடித்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாளே பதிவேட்டில் மறுநாள் வகுப்பு நடந்ததாக எழுதி, எல்லாரும் வந்ததாகப் போட்டுவிடுகிறேன். வகுப்பு கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். சும்மா கிடைத்த ஒரு மணி நேரத்தை யார் குறை சொல்வார்கள்? இதுவரை இரண்டு முறை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருந்திருக்கிறேன். கொக்குவின் வருகையும் எழுபத்தைந்தில் நிற்கிறது.

பாஸ் கொடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். உன் உபதேசத்துக்கு நன்றி.

உன் மாப்பிள்ளை


செப்டம்பர் 16

மாப்பிள்ளைக்கு,

அந்த வேலையைச் செய்திருக்கக் கூடாது. செய்ததை எனக்கு எழுதியிருக்கவும் கூடாது. என் அணியும் அதே கோப்பைக்குத்தான் ஆடுகிறது என்பது உனக்கு மறந்துவிட்டதா?

உடனே நிறுத்து. மற்றவை நலம்.

மச்சான்


ஜனவரி 20

மச்சானுக்கு,

58–57. நீ அங்கேதான் இருந்தாய், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கடைசி ஒன்பது வினாடி. கொக்குவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது ரிங்கைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. நீ துண்டால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். இரண்டாவது உள்ளே போயிற்று. பிறகு உன் பெண் எறிந்தது போர்டின் விளிம்பில் பட்டது. நல்ல எறிதல்தான். இரண்டு விரற்கடை தள்ளி.

இறுதி ஆட்டத்துக்கு வந்ததே போதும், வேலை நிரந்தரம் என்று கல்லூரிச் செயலாளர் வாயாலேயே சொல்லிவிட்டார். மார்ச் கடைசியில் கூட்டம், அதில் எழுத்தில் வரும். உன் தங்கச்சி உனக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள். நீ கை கொடுத்துவிட்டு நேராக ஊருக்குக் கிளம்பிவிட்டாய். உன் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். தோற்றவன் வீட்டுக்கு வரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே.

உன் மாப்பிள்ளை


ஜனவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நன்றாக ஆடினார்கள். கொக்கு அந்த இரண்டாவதைப் போட்டபோது என்னையறியாமல் கை தட்டப் போனேன். என் பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வராத காரணம் தோல்வி இல்லை. ஆட்டம் முடிந்ததும் கூடைப்பந்து சங்கத்துக்காரர் என் கையில் ஒரு படிவம் கொடுத்தார். உனக்கும் கொடுத்திருப்பார். "எதிரணி ஆட்டக்காரர்களின் தகுதி குறித்து எனக்குத் தெரிந்து ஆட்சேபம் ஏதுமில்லை." இரண்டு பயிற்சியாளர்களும் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் முடிவு உறுதியாகும். எட்டு வருஷமாக இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை பேனாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். "எனக்குத் தெரிந்து" என்று இருக்கிறதே, எனக்குத்தான் நீ தெரியப்படுத்திவிட்டாயே.

உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். உன் மேல் புகார் எழுதவும் மாட்டேன். ஆனால் படித்ததைப் படிக்காததாக ஆக்க எனக்குத் தெரியவில்லை. இங்கே விளையாட்டுத் துறை இயக்குநர் பதவிக்கு என் பெயரும் அடிபடுகிறது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் கோப்பைக்கும் பதவிக்கும் ஆசைப்பட்டுத் தங்கச்சி புருஷன் வேலையில் கை வைத்தான் என்பார்கள். போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், என்னைத் தவிர.

உனக்கு எண் பிடிக்கும். நடக்காத வகுப்புகளை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் வருகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுது. எழுபத்தைந்துக்கு மேல் என்று எழுதினால் அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுகிறேன். மறு கேள்வி கிடையாது.

மச்சான்


ஜனவரி 27

மச்சானுக்கு,

போட்டி நாள் வரை பதிவேட்டில் அறுபது வகுப்பு, கொக்கு வந்தது நாற்பத்தைந்து. சரியாக 75. அதில் நான் கற்பனையாக எழுதியது ஆறு. நீ நிறுத்தச் சொன்ன பிறகும் நான்கு. எடுத்துவிட்டால் ஐம்பத்துநான்குக்கு முப்பத்தொன்பது. 72.2. இரண்டு வகுப்பு குறைவு. கையெழுத்துப் போடாதே.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். 76 என்று ஒரு கடிதமும் எழுதினேன், உன்னிடம் மறைப்பானேன். நீ நம்பிவிடுவாய் என்பதால் கிழித்துவிட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், அந்த ஓ.டி. சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தால் வேறு யாராவது வகுப்பெடுத்திருப்பார்கள், கொக்குவுக்கு அந்த ஆறும் சட்டப்படியே சேர்ந்திருக்கும். 75 வந்திருக்கும். மிச்சம் பிடித்த நாட்கள்தான் அவளை வெளியே தள்ளிவிட்டன.

முதலில் அவளிடம் சொன்னேன், பட்டறை வாசலில்.

"மாசாமாசம் உங்ககிட்டதான சார் கேட்டேன்? எழுபத்தஞ்சு இருக்கு, போதும்னீங்க."

"சொன்னேன்."

"கொறையுதுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் டோக்கனை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு வந்திருப்பேன். ரெண்டே ரெண்டு நாள் சார்."

 

பிறகு முதல்வரிடம் போனேன். கேட்டு முடித்துவிட்டு, "நீங்களா வந்து சொல்லிட்டீங்க. நான் என்ன செய்யணும்ங்கறீங்க?" என்றார். அந்த ஆறு வகுப்பையும் இப்போது எடுக்க அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அவள் தேர்வு எழுத முடியாது என்றேன்.

"அது கிடைக்கும். மத்தது?"

"மத்தது உங்க இஷ்டம் சார்."

கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சங்கத்துக்கும் எழுதிப் போட்டாயிற்று. உன் பெயர் எதிலும் வராது.

மாப்பிள்ளை


பிப்ரவரி 28

மச்சானுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. இயக்குநராகிவிட்டாய் என்று உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். வாழ்த்து.

இங்கே தீர்ப்பு வந்துவிட்டது. பொய் எழுதியது வாத்தியார், வேலை போனது பயிற்சியாளருக்கு. என் பாடத்தை எடுக்க வேறு ஆள் இல்லாததால் வாத்தியார் மட்டும் இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார். கோப்பை உன் கல்லூரிக்கு வந்திருக்கும்.

ஆறு வகுப்பும் எடுத்து முடித்தேன், சனிக்கிழமை மதியங்களில். வகுப்பே என்னைத் திட்டியது. கொக்கு ஆறுக்கும் வந்தாள், முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கடைசி நாள் எழுந்து, "இப்ப எவ்வளவு சார்?" என்றாள். நீயே போட்டுப் பார் என்றேன். நோட்டின் பின்பக்கத்தில் போட்டாள்.

"எழுபத்தஞ்சு."

"சரியாப் பார்த்தியா?"

"இந்தத் தடவ எண்ணினது நான் சார். சரியாத்தான் இருக்கும்."

உன் பழைய இடம் காலியாக இருக்கிறது என்று விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். முந்தைய பொறுப்பிலிருந்து விலகிய காரணம் என்ற கட்டத்தில் நடந்ததை முழுவதும் எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் தனித்தாள் வைத்தேன். தேர்வுக் குழுவில் நீ இருப்பாய். எனக்காகப் பேச வேண்டாம். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியாது.

மாப்பிள்ளை


ஜூன் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று தேர்வு முடிந்தது. ஆபீஸ் கடிதம் வருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். வேலை உனக்கு இல்லை.

உறவு என்று சொல்லி எழுந்து வெளியே போகத்தான் இருந்தேன். மற்ற இரண்டு பேரும், "சேர்ந்து ஆடினவர் நீங்கதானே, தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டார்கள். வந்த ஒன்பது பேரில் ஆட்டம் தெரிந்தவன் நீதான் என்றேன். நீ எழுதிய தனித்தாளில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை என்றேன். அப்போது ஒருவர் கேட்டார்: "அடுத்த தடவை பதினோரு நாள் ஆகும்னா காத்திருப்பாரா?"

தெரியவில்லை என்றேன்.

அந்த அறையில் தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்குக் கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியாத விஷயம்.

உன் விண்ணப்பம் வந்த பிறகு மூன்று மாதம் பதில் போடாமல் இருந்தது இதனால்தான். விண்ணப்பம் போட்டவனுக்குக் குழுவில் இருப்பவன் கடிதம் எழுதக் கூடாது. கோப்பை இங்கேதான் இருக்கிறது. படம் எடுக்கக் கூப்பிட்டேன், என் பெண்கள் ஒருத்தியும் வரவில்லை.

தங்கச்சிக்கு மூன்றாம் ஆள் சொல்லித் தெரிய வேண்டாம். நீ சொல், இல்லையென்றால் நான் சொல்கிறேன்.

மச்சான்


ஜூன் 12

மச்சானுக்கு,

கிடைத்தது. முதலில் படித்தபோது உன்னை அடிக்கலாம் போல இருந்தது. மறுநாள் படித்தபோது அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

உன் தங்கச்சியிடம் நானே சொன்னேன். "எங்க அண்ணன் பொய் எதுவும் சொல்லலியே?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி. ஆனா ஒரு வாரம் பேச மாட்டேன்" என்றாள். யாரோடு என்று சொல்லவில்லை. இன்று நான்காவது நாள், என்னோடும் பேசவில்லை. உனக்குப் போன் வந்ததா?

ஏப்ரலில் சங்கத்தின் மேசை அலுவலர் தேர்வு எழுதினேன், தேறிவிட்டேன். ஆட்டத்துக்கு ஸ்கோர் ஷீட் எழுதும் வேலை. பந்து கூடையில் விழுந்த பிறகுதான் எழுத முடியும், முன்கூட்டி எழுத அதில் வழியே இல்லை. களத்துக்குப் பக்கத்தில் உட்கார இப்போதைக்கு எனக்குக் கிடைக்கிற நாற்காலி இதுதான்.

ஜூலை ஐந்தாம் தேதி முதல் ஆட்டம் போட்டிருக்கிறார்கள், உன் கல்லூரி ஆடுகிறது. உங்கள் புதுப் பயிற்சியாளரிடம் சொல்லிவை: ஆட்டக்காரர் பட்டியல் நாற்பது நிமிடம் முன்னால் மேசைக்கு வர வேண்டும். எழுதுகிறவன் இயக்குநர் வீட்டு மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒரு நிமிடம் தாமதமானாலும் பெயர் ஏறாது, நீயே கொண்டுவந்து நீட்டினாலும்.

உன் மாப்பிள்ளை