இரண்டோடு நிறுத்திய உபசாரம்

மெஹ்ர் மாதம் 7, சனி

பக்கத்து மனையில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மாடிக் கட்டடமாம். கார் நிறுத்த இரண்டு தளம் பூமிக்குள் போகிறதாம். காலை ஏழு மணியிலிருந்து இயந்திரம் உறுமுகிறது. என் மனைவி தூரான் தேநீர்க் குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே குடிக்கிறாள். "விட்டா அது தானா நடந்து போயிடும்போல இருக்கு" என்கிறாள்.

மெஹ்ர் 9, திங்கள்

அந்த வேலையின் இன்ஜினியர் வந்தாள். பெயர் பரஸ்தூ, என் மகள் வயது. எங்கள் கிழக்குச் சுவருக்கு அஸ்திவாரம் முழங்கால் ஆழம்தானாம். பள்ளம் அதைத் தாண்டுவதற்குள் சுவரின் அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். அது இறுகியபின், இடைவெளி விட்டு இன்னொன்று. எங்கள் சமையலறைத் தரையை உடைத்து உள்ளேயிருந்து தோண்டுவதுதான் பத்திரம் என்றாள்.

"வீடே உங்களுதும்மா, உடைங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு தொந்தரவு? வெளியிலேர்ந்தே பாத்துக்கறோம்."

"என்ன தொந்தரவு? என் கண்மேல கால் வச்சு வாங்க."

"வேண்டாங்க ஐயா, இருக்கட்டும்."

தெஹ்ரானில் மூன்றாம் தரம் கூப்பிடாமல் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் ஆசை ஆசையாகப் பதித்த நீலக் கற்கள் கண்ணில் பட்டுவிட்டன. பிஸ்தாத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றினேன். இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மரியாதைக்கும் குறைவில்லை, தரைக்கும் சேதமில்லை. என்ன சாமர்த்தியம்!

மெஹ்ர் 14, சனி

பள்ளம் இறங்கிக்கொண்டே போகிறது, எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றேன். தூரான் கிழக்குச் சுவரை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படித் தட்டினால்தான் எனக்குப் பயம்.

மெஹ்ர் 17, செவ்வாய்

விரிசல்! படுக்கையறைக் கிழக்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை. பள்ளத்து வேலையாட்களின் மேஸ்திரி ஸக்கீ வந்து பார்த்தார் — ஆப்கானிஸ்தானத்து ஹெராத்காரர், முப்பது வருஷமாக இங்கே மண் தோண்டுகிறவர். விரிசலின் குறுக்கே வெள்ளைச் சாந்தால் ஒரு பட்டை பூசித் தேதி எழுதினார். "இது முறிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம், ஐயா." கட்டிலை மேற்குப் பக்கம் இழுத்துவிட்டோம்.

மெஹ்ர் 18, புதன்

முறிந்துவிட்டது.

நகராட்சி ஆள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான்: பத்து நாளில் சுவருக்குப் பலம் சேர்க்காவிட்டால் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் கட்டட முதலாளியின் ஆள் தொலைபேசியில், "எங்களுக்கே வித்துடுங்களேன்" என்று குழைகிறான். முப்பத்தொரு வருஷம் வாழ்ந்த வீடு! போவேனா? எங்கே போவேன்?

பரஸ்தூ வாசலில் வந்து நின்றாள், முகம் வெளுத்துப்போய். "வெளியிலேர்ந்து முடியல ஐயா. அன்னிக்கே நான் அடம்பிடிச்சிருக்கணும். நீங்க மூணாவது தரம் கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்..."

"வேணும்னேதாம்மா கூப்பிடல. தரை போயிடுமேன்னு." சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

தூரான் அதற்குள் சமையலறைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டாள். "நான் ஒரே தரம்தான் சொல்லுவேன். கடப்பாரையோட உள்ள வா!"

ஸக்கீ மேஸ்திரி சிரித்தார். "மனுஷங்களத்தான் மூணு தரம் கூப்பிடணும். மண்ணு கூப்பிடாமலே உள்ள வந்துடும்."

நீலக் கல்லில் முதல் அடி விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது அடிக்குத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், துக்கம் முடிந்தது.

மெஹ்ர் 22, ஞாயிறு

சமையல் முற்றத்தில். தூரான் கீரை போட்ட ஆஷ் கஞ்சியைப் பெரிய பானையில் வைக்கிறாள். பள்ளத்து ஆட்கள் ஆறு பேரும் நாங்களும் ஒரே பந்தி. முதல் குழி இறுகிவிட்டது. வெளியே பள்ளத்தின் அடியிலிருந்து இரும்புத் தூண்களைச் சாய்த்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விரிசல்மேல் புதுப் பட்டை. நான் அரை மணிக்கொரு தரம் போய்ப் பார்க்கிறேன். "அடிக்கடி பாத்தா அதுவும் கூச்சப்படும், ஐயா" என்கிறார் ஸக்கீ.

மெஹ்ர் 26, வியாழன்

மூன்றாவது, கடைசிக் குழியும் நிரம்பியது; நோட்டீஸ் கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம். பட்டை முறியவில்லை.

ஆபான் மாதம் 9, புதன்

நகராட்சி ஆள் வந்து பட்டையை விரலால் தடவிப் பார்த்து, நோட்டீஸைக் கிழித்தான். தூரான் அவனுக்கும் ஒரு கிண்ணம் ஆஷ் கொடுத்தாள்.

பிறகு பரஸ்தூ வந்தாள். "நாளைக்குத் தரை போட ஆள் அனுப்பட்டுமா ஐயா? தொந்தரவு இல்லையே?"

'வீடே உங்களுதும்மா' நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தொந்தரவுதான். நாளைக்கு மகளும் மருமகனும் வர்றாங்க. சனிக்கிழமை அனுப்பு."

ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "சரிங்க ஐயா, சனிக்கிழமை." ஒரு 'ஐயோ' இல்லை, ஒரு 'இருக்கட்டும்' இல்லை.

உள்ளே போனால், தூரான் கட்டிலைக் கிழக்குச் சுவரோரமாகவே இழுத்துப் போட்டிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாகப் படுத்தேன். இயந்திரம் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து மணிக்கு அவள் வந்து உலுக்கி எழுப்ப வேண்டியதாயிற்று.