ஒரு வெற்றிலை குறைந்த வட்டா

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். பழைய சேலைத் துண்டில் எதையோ சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டுவந்திருந்தாள். "அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ, மாமி" என்றாள். பிரித்தேன். உன் பித்தளை வட்டா, நீ வெற்றிலை வைக்கும் தட்டு. காய்ந்த வெற்றிலையும் பாக்கும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். போகிற போக்கிலும் என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு நாம் இரண்டு மருத்துவமாதுகளும் ஒரே நாளில்தான் வேலைக்கு வந்தோம். நீ வாயாடி, நான் பயந்தாங்கொள்ளி. வந்து சில வருடங்களில் ஒரு மாரி. வெள்ளம் றோட்டை மூடியிருந்தது. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. அம்புலன்ஸ் வர வழியில்லாததால் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வாவிப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளை உன் மடியில் இருந்தது. அதன் பிறகு பல நாள் நீ என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை.

இரத்தத்தை நிறுத்தச் சொல்லித்தரும் வகுப்புகள் பட்டணத்தில் நடக்காமல் இல்லை. ஆனால் அவை ஆங்கிலத்தில் நடக்கும். நாம் இருவரும் போனால் இங்கே பிரசவம் பார்க்க ஆளில்லை. மேலிடத்துக்கு எழுதுவோம் என்றேன். எழுதினோம். கவனத்தில் எடுத்திருப்பதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். "நாம போக ஏலாதெண்டா அவங்க வரட்டும் கா" என்று சொல்லிவிட்டு நீ வீட்டிலிருந்து வட்டாவை எடுத்து வந்தாய்.

கல்யாணமோ கோயில் காரியமோ, ஒருவரைக் கேட்டுப் போகிறவர்கள் வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் முன்னால் வைப்பார்கள். அவர் ஒரு வெற்றிலையை எடுத்தால் சம்மதம். எடுத்தபின் பின்வாங்குகிறவரை நம் ஊர் மனிதராகவே மதிக்காது. அந்த வட்டாவைக் கொண்டுபோய் ஒரு மகப்பேற்று நிபுணர் முன்னால் வைக்கலாம் என்று உன்னைத் தவிர வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்?

லண்டனில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண் டொக்டர், கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கென்று தாயோடு லீவில் வந்திருந்தார். நீ சீருடையில் முன்னால், நான் குடையோடு பின்னால், அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனோம். நீ வட்டாவை வைத்தாய். ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து, அவர் சிரித்தபடி இரண்டு கையாலும் ஒரு வெற்றிலையை எடுத்து "தாங்க்ஸ் அன்ரி" என்றார்.

"சரி டொக்டர். திங்கக்கிழமை காலமே வண்டி வரும்" என்றாய் நீ, கண் இமைக்காமல்.

அவர் விழித்தார். விசயத்தைச் சொன்னாய். தாய் கை துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்து, மகளின் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். "எடுத்திட்டியா மகள்? இனிப் போகத்தான் வேணும்" என்றார்.

வரும் வழியெல்லாம் நான் உன்னைத் திட்டினேன். "அது ஏமாத்து வேலை. அவவுக்கு நம்மட வழக்கம் தெரியா."

"ஓம், அவவுக்குத் தெரியா. எனக்குத் தெரியும். பாவம் என்னில கிடக்கட்டும்."

திங்கட்கிழமை அவர் வந்தார். இலவம் பஞ்சை அடைத்து நீ தைத்து வைத்திருந்த துணிக் கர்ப்பப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரு கை முட்டியாக உள்ளே, மற்றக் கை வயிற்றின் மேலே, இரண்டுக்கும் நடுவில் கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்க வேண்டும். "கை நோகும். எடுக்க வேண்டாம். வேற கை வரும்வரை எடுக்க வேண்டாம்." தெரிந்த கொஞ்சத் தமிழில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் நமக்குச் சோற்றைப் பிசையக்கூடக் கை இயலவில்லை.

கடைசி நாள், அடுத்த வருடமும் வரச் சொல்லி நீ மறுபடியும் வட்டாவை வைத்தாய். "அண்டைக்கு உங்களுக்குத் தெரியா எண்டு தெரிஞ்சுதான் வச்சன், டொக்டர். அது பிழை. இப்ப எல்லாம் தெரியும். எடுக்காட்டியும் கோவமில்லை" என்றாய். அவர் ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்று தீர்த்தார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு நிபுணர்களோடு வந்தார். நம் ஊரோடு எந்தச் சொந்தமும் இல்லாதவர்கள். வாய்க்கால் கட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு தெறிக்க அவர்கள் நடந்து வந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

பிறகு இன்னொரு மாரி வந்தது. அதே வெள்ளம், அதே மெசின் பெட்டி, வேறொரு பெண். இந்த முறை என் கை அவளுக்குள் இருந்தது. நீ சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாத பிள்ளை, மகளுக்கு என்ன பேர் வைக்கப் போறாய், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். பாலம் தெரிகிற இடம் வந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாலத்தைக் கடந்தோம். அவள் ஒரு பெயர் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் இன்னொருவர் கை வந்து என் கையை விடுவித்தபோது என் விரல்கள் விரியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து நீதான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டாய். அவள் பிழைத்துவிட்டாள் என்று உள்ளேயிருந்து வந்து சொன்ன பிறகுதான் நீ அழுதாய்.

இப்போது ஆஸ்பத்திரியில் எல்லாம் புது முகங்கள், அந்தப் பிடி பழகாத கைகள். லண்டன் டொக்டர் நோயோடு இருக்கிறார், இனி வர முடியாது. அதனால் நேற்று நானே வட்டாவைத் துலக்கி, பட்டணத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நிபுணரிடம் போனேன். அவர் நம் பக்கத்து ஆள். வழக்கம் தெரிந்தவர் என்பதால்தான் அவர் கை நீளவில்லை.

"மிஸி, எடுத்தா வரவேணும். எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

உன் வாய் எனக்கு எங்கே? வலது கையை மேசை மேல் வைத்தேன். அந்த இரண்டு மாரியையும் சொன்னேன். "இந்தக் கை வாற மாசம் பென்சனுக்குப் போகுது, டொக்டர். அதுக்கு முதல் இன்னும் நாலு கை வேணும்."

அவர் என் கையைப் பார்த்தார். வட்டாவைப் பார்த்தார். வெளியே கிளினிக்குக்கு வந்த பெண்கள் வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வட்டா என் மடியில் இருந்தது, ஒரு வெற்றிலை குறைவாக. பாலம் வந்ததும் என் விரல்கள் தாமாகவே அதன் விளிம்பை இறுக்கிக்கொண்டன. விரித்துவிட நீ இல்லை. நானும் விரிக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.