இருபத்திரண்டு பூஜ்யங்கள்

மார்ச் 4

இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. அடிபட்டவரைக் கவனித்துக்கொள்பவரின் சுமையை அளக்கிற படிவமாம்.

'உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா?'

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அண்ணன். பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு எட்டு மாதம். பேச்சு தட்டுகிறது; வாசிப்பு போகவில்லை. என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். என் அண்ணனை எடை போட இவர்கள் யார்?

மார்ச் 11

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். 'சுமை இல்லை' என்பதால் அண்ணனுக்குக் கை, கால் பயிற்சி தரும் பயிற்சியாளர் இனி வீட்டுக்கு வரமாட்டார். படிவம் இதற்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரம்தான் அண்ணனின் வலது கை தம்ளரை உதடுவரை கொண்டுபோனது.

அம்மா: "உன்னை யாருடி மகாராணி வேஷம் கட்டச் சொன்னா?"

மார்ச் 12

இடுப்பு வலி. அதையும்தான் எழுதவில்லை.

மார்ச் 14

ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் சண்டைக்குப் போனேன். அவர் குரல் உயர்த்தாமல் புதுப் படிவம் நீட்டினார்.

"இந்தத் தடவை அவரை வெளிய உட்கார வச்சிட்டு எழுதுங்க."

முடியாது என்றேன். அவனை வெளியே தள்ளிவிட்டுத்தான் எழுத முடியும் என்றால், அது என்ன உண்மை? படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். 'அவர் அருகில் இருக்கையில் கோபம் வருகிறதா?' இரண்டு போடப் போனேன். இடது விரலால் நான்கைத் தட்டினான்.

"கரண்டி... எறிஞ்சியே."

எறிந்தேன்தான். சுவரில் இன்னும் குழி இருக்கிறது. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

'அவரால் கூச்சப்படுகிறீர்களா?'

பேனா நின்றது. ஒருநாள், ஒரே ஒருநாள், கல்லூரித் தோழி எதிரே வந்தபோது நாற்காலியை வேறு பக்கம் திருப்பினேன். அவன் கவனிக்கவில்லை என்றே இத்தனை நாளும் —

"ஒண்ணு போடு," என்றான்.

போட்டேன்.

மொத்தம் ஐம்பத்தெட்டு. கையெழுத்துக்கு ஓர் ஆளுக்குத்தான் இடம். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தில் அண்ணன் இடது கையால் கோணலாகத் தன் பெயரை எழுதினான். அதைக் கோடு போட்டு அடிக்க மாட்டேன். வேண்டுமானால் அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

பத்து மணிக்கு அழைப்பு மணி. பயிற்சியாளர்தான். நான் எழுந்திருக்கவில்லை, இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்திருந்தேன்.

"வா... ங்க," என்றது அண்ணனின் குரல்.