கல் நட மறுத்த நெடுங்கீரனார்க்கு

நலம் சூழ்க. ஆம்பலேரியைச் சுற்றிய நன்னீர் நாட்டை ஆளும் விறற்சாத்தனாகிய நாம், நம் எல்லைக்கு அப்பால் குன்றவூரில் வாழும் முன்னாள் கரைகாவலர் ஆதன் நெடுங்கீரனார்க்கு எழுதுவித்த ஓலை. நாம் துரத்திய உமக்கு இடமும் சோறும் தந்த அக்குன்றவூர் பிணியின்றிப் பசியின்றி நெடிது வாழ்க.

நம் வழக்கம் நீவிர் அறிந்ததே. ஆண்டுதோறும் ஏரி ஏறி நிற்கும் நாளில் கரைகாவலர் முழங்கால் நீரில் இறங்கி, நீர் எட்டிய ஓரத்தில் ஒரு கல் நடுவார். அவ்வாண்டுக் கல்லிலிருந்து மேட்டுப் பக்கம் நூறு கோல் தொலைவுக்குக் கோரை அறுக்கலாம், மாடு மேய்க்கலாம், வீடு மட்டும் எழலாகாது. வறண்ட ஆண்டுக்கு என் செய்வதென நம் பாட்டனார் வகுத்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. ஏழாண்டு மழை குறைந்தது. உம் கையால் நட்ட ஏழு கற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கின. கல் இறங்க இறங்க மேலே நிலம் விடுபட்டது, நிலமற்றோர் கேட்டனர், நாமும் வள்ளல் எனப் பெயர் வாங்கும் ஆசையில் அள்ளிக் கொடுத்தோம். எட்டாம் ஆண்டு நீவிர் கல்லை நட மறுத்து அவையில் இறக்கி வைத்து, விடுபட்ட நிலம் ஏரியின் இடம், ஏரி திரும்பி வரும் என உரைத்தீர். வழக்கத்தை மீறினீரெனச் சினந்து உம்மை நாடு கடத்தினோம்.

இவ்வைப்பசிப் பதினோராம் நாள், அடுப்பில் உலை கொதிக்கும் உச்சிப்பொழுதில், ஏரி திரும்பி வந்தது. அறுபத்திருவர் மாண்டனர். அவருள் உம் தங்கை நன்னாகையும் ஒருத்தி. சுற்றி வளைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கட்டியிருந்த எருமைகளை அவிழ்க்கப் போனவள் மீளவில்லை. ஐந்தாம் கல் நட்ட ஆண்டில் அவளுக்கு மனை தந்த ஓலையில் இருப்பது நம் முத்திரை.

நீர் வடிந்தவுடன் எஞ்சியோர் அதே மனைகளில் மீண்டும் குடிசை போடுகின்றனர். பதினைந்து நாளில் அடுத்த பெருமழை இறங்குமென வானம் பார்ப்போர் கூறுகின்றனர். மேட்டில் யானைக் கொட்டிலை ஒழித்துக் கொடுத்தோம், ஒருவரும் ஏறவில்லை. படையை விட்டு இழுத்து வரலாமென்றார் அமைச்சர். இழுத்தால் மாலையே திரும்பிவிடுவர். நாமே சேற்றில் நடந்து சென்று வேண்டினோம். இரு மக்களை இழந்த வெண்ணி என்பாள் எழுந்து, "அரசர் சொல்லி ஒரு தடவை செத்தோம். இனி நெடுங்கீரன் வந்து சொன்னால்தான் எழுந்திருப்போம்" என்றாள். உடன்வந்தோர் வாளில் கை வைத்தனர். தடுத்தோம். அவள் சொன்னதில் பிழையில்லை.

ஆகவே நம் நாட்டார்க்கு ஆணை இது: ஏரி என்றேனும் எட்டியவற்றுள் மிக உயர்ந்த கல்லே இனி என்றைக்கும் எல்லை, அதற்கு மேல் நூறு கோலுக்குள் நிற்பது எவர் வீடாயினும் இடித்திடுக. நம் கரைமாளிகையை நேற்றே இடித்தோம்.

உமக்கோ ஆணையிட நமக்கு வாயில்லை, வந்தருள வேண்டுகிறோம். எல்லைக் காவலர் உம்மைத் தடுக்காதிருக்கும் பொருட்டே ஐப்பசி இருபத்தெட்டாம் நாள் நம் கையால் இதில் முத்திரை இட்டோம். உம்மை நாடு கடத்திய பழைய ஓலையை அவையோர் காணத் தீயிலிட்டோம். வந்தபின் நம் முகத்தில் நீவிர் விழிக்கவும் வேண்டா. நேரே கரைக்குச் செல்க.

இதனைக் கொணர்ந்து உம்முன் நிற்பவன் நன்னாகையின் கணவன் பொலிவன். அவள் சாவைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றான். அதனால் நாம் எழுதினோம். அவனும் அப்பழைய மனையிலேயே நான்கு கால் நட்டுக் கூரை போட்டுவிட்டே புறப்பட்டான். நீவிர் உடன் வாராவிடில், அவன் அங்கேதான் திரும்பிச் செல்வான்.