களியின் நிறம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிக்கு இன்று எண்டோஸ்கோபி செய்தேன். இரைப்பையில் புற்று. ஸ்கேனில் ஈரலுக்கும் பரவியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் வயிற்றுவலியோடு வந்தபோது, மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "ராகிக்களி திங்கறவங்களுக்கு அப்படித்தானுங்களே போகும்" என்றார். நானும் களி தின்று வளர்ந்தவன்தான். சிரித்துவிட்டு, களியைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி, வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கருப்பு ரத்தம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளியே அத்தனை கூட்டம் நின்றது என்பதெல்லாம் ஒரு காரணமா?

இன்று அவர் மனைவியிடம் நோயைச் சொன்னேன். என் தவறைச் சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டார்:

"நீங்க சொன்னதுல இருந்து வூட்டுல களியே கிண்டலீங்க. அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. இனிமே குடுக்கலாமுங்களா?"

"குடுங்கம்மா" என்றேன்.

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.