முடி அவளுடையது

அன்புள்ள ஜெயசுதாவுக்கு அம்மா எழுதுவது. ஓசூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன்னிடம் பொய் எழுத மாட்டேன். உன் தங்கை தேவதர்ஷினி நன்றாக இல்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் மேட்டில் போய் நின்றால்தான் டவர், அங்கே எந்நேரமும் ஊரே நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். கூடப் படிக்கிறவர்களிடம் மலைக்குக் கீழே இருக்கிற கச்சிராயபாளையம்தான் ஊர் என்று சொல்லி வைத்திருந்தாளாம், மலைமேல் வீடு என்று தெரிந்ததும் ஒரே கேலி. அங்க போனா மலைக்காரின்றாங்க, இங்க வந்தா டவுன்காரின்றாங்க, நான் இன்னாதாம்மா என்று என் மடியில் விழுந்து அழுதாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, காத்து கருப்புதான் என்று முடிவுகட்டி, இவளுக்கு மொட்டை போடுவதாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு! கேட்டதும் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டாள். நான் விடவில்லை. முடி அவளுது, வேண்டிக்கினது நீங்க, உங்க தலைய குடுங்க என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே அவளைக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மனநலம் பார்க்கிற டாக்டரம்மா என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினார்கள். இது பேயுமில்லை, சோம்பலுமில்லை, மனசுக்கு வந்த நோவு, வாராவாரம் கூட்டி வாங்க என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி என்று கேட்டாள். மனசுக்கு வைத்தியம் என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னேன். ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. அப்பா கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டே திரிந்தார். நேற்றுப் பார்த்தால் தன் தலையை மழித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். தர்ஷினி அவரையே பார்த்தவள், அப்பாவுக்குக் காது எவ்ளோ பெரிசு என்றாள். என் மடியில் அழுத பிறகு வீட்டில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் ஏமாற மாட்டேன். வியாழக்கிழமை திரும்பவும் போகிறோம், அப்பாவும் வருகிறார். அவளை அரைகுறையாக விட மாட்டேன், படிப்பையும் விட மாட்டேன்.

சாமி உன் பக்கம் நிற்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. வியாழன் மதியம் டவுனில் இருப்போம், அங்கே டவர் கிடைக்கும், தங்கையை ஃபோனில் கூப்பிடு. படிப்பைப் பற்றிக் கேட்காதே, புத்தி சொல்லாதே. அவள் ஒன்றுமே பேசாமல் இருந்தாலும் நீ ஃபோனை வைத்துவிடாதே.

உன் அம்மா,
பாவாயி